மறு: நீர் குளிரும்போது விரியறதுக்கு என்ன சொல்? (குளிர்விரிவு, உறைவிரிவு)

> ஒழுங்கற்ற விரிவு, முரண் விரிவு, விந்தை விரிவு, இந்த மூணுல எதை வச்சுக்கலாம்? உயிரியல் சொற்பட்டியல்ல நீரின் இயற்பியல் பண்புகள் பகுதிக்கு வேணும்.

ஐயா வணக்கம்,

மூணுமே வேணாம்ங்கறது என் கட்சி. அந்தப் பகுதியில மத்ததுக்கெல்லாம் பிரச்சினை இல்ல, பரப்பு இழுவிசை, தன்வெப்ப ஏற்புத்திறன், உள்ளுறை வெப்பம் எல்லாம் பாடநூல்ல ஊறிப்போன சொற்கள், அதுல கை வைக்க வேணாம். இந்த ஒண்ணுதான் இடிக்குது.

ஒழுங்கற்றன்னு சொன்னா ஏதோ கண்டபடி விரியற மாதிரி ஆகுது. ஆனா சாதாரண அழுத்தத்துல சுத்தமான தண்ணிய எங்க எப்ப குளிரவச்சாலும் 3.98 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சுருங்கும், அதுக்குக் கீழ விரியும், இதைவிட ஒழுங்கா ஒரு பொருள் எப்படி நடந்துக்கும்? முரண், விந்தை ரெண்டும் நம்ம வியப்பைச் சொல்லுதே தவிர தண்ணி என்ன பண்ணுதுன்னு சொல்லல. காரணமும் மர்மம் ஒண்ணும் இல்ல, ஹைட்ரஜன் பிணைப்பால ஒவ்வொரு மூலக்கூறும் நாலு அண்டை மூலக்கூறைப் பிடிச்சுக்கிட்டு நடுவுல இடம் விட்டு நிக்கப் பாக்குது, குளிரக் குளிர அந்தப் பிடி ஓங்குது, அதனால வெப்ப ஆட்டம் குறைஞ்சு வர்ற சுருக்கத்தை ஒரு கட்டத்துல இது ஜெயிச்சுடுது.

அதைவிடப் பெரிய சிக்கல், இந்த ஒரே பேர்ல ரெண்டு வேற வேற விஷயம் ஓடிக்கிட்டிருக்கு. ஒண்ணு, திரவமா இருக்கும்போதே 4-லேர்ந்து 0 வரைக்கும் வர்ற விரிவு. இன்னொண்ணு, பனிக்கட்டியா உறையற அந்த நேரத்துல வர்ற விரிவு. அளவைப் பாருங்க: 4 டிகிரியில ஒரு கன சென்டிமீட்டர் தண்ணி 0.99997 கிராம், 0 டிகிரியில 0.99984, அதாவது வித்தியாசம் வெறும் 0.013 சதவீதம். உறையும்போது அடர்த்தி 0.917-க்கு இறங்குது, கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடுது. கிட்டத்தட்ட 700 மடங்கு வித்தியாசம் உள்ள ரெண்டு விரிவை ஒரே சொல்லுக்குள்ள திணிச்சா பையன் பாவம் "4 டிகிரியில தண்ணி விரிஞ்சு குழாய் வெடிக்குது"ன்னு தானே எழுதுவான்.

அவ்வளவு சின்ன 0.013-ஐ யார் கண்டுக்கப் போறான்னு தோணலாம். 1805-ல எடின்பரோ பேராசிரியர் தாமஸ் சார்லஸ் ஹோப் பண்ணின சோதனைய நினைச்சுப் பாருங்க, உயரமான ஒரு உருளையில தண்ணி, மேல ஒரு தெர்மாமீட்டர், அடியில ஒரு தெர்மாமீட்டர், நடு இடுப்புல உறைகலவை (பனிக்கட்டியும் உப்பும்). முதல்ல அடியில உள்ளது மட்டும் கடகடன்னு இறங்கும், மேல உள்ளது பெருசா அசையாது. அடி 4-ஐத் தொட்டதும் அங்கயே நின்னுடும். அப்புறம்தான் மேல உள்ளது இறங்க ஆரம்பிச்சு, அடிய முந்திக்கிட்டு 0 வரைக்கும் போகும். குளிர்ந்த தண்ணி முதல்ல கீழ போச்சு, பிறகு அதே குளிர்ந்த தண்ணி மேல ஏறுது, அந்த 0.013 சதவீதம் கண்ணு முன்னாடி வேலை செய்யுது.

குளிர்நாட்டு ஏரியில நடக்கறதும் இதேதான், சில்லிப்பு மேலேர்ந்து வருதுங்கறது மட்டும் வித்தியாசம். மேல் தண்ணி குளிர்ந்து இறங்கி, அடித்தண்ணி மேல வந்து, ஏரி மொத்தமும் 4-க்கு வர்ற வரைக்கும் கலந்துக்கிட்டே இருக்கும். இந்தக் கலக்கல்லதான் அடியில உள்ள ஜீவன்களுக்கு ஆக்சிஜன் போய்ச் சேருது. அதுக்கப்புறம் குளிர்ற தண்ணி மேலயே தங்கிடுது, அங்கயே உறையுது, உறைஞ்சது மிதக்குது, அந்த மூடி கீழ உள்ள சூட்டை வெளிய விடாம தாமசப்படுத்துது, மீன் அடியில பிழைச்சுக்கிடக்கு. இதுல எது எந்த விரிவுன்னு கவனிங்க. தண்ணி அடுக்காகி மேல மட்டும் உறையறது முதல் விரிவால, உறைஞ்சது மிதக்கறது ரெண்டாவதால.

ரெண்டும் தனித்தனின்னு சந்தேகம் இருந்தா கடலைப் பாருங்க. கிலோவுக்கு 24.7 கிராமுக்கு மேல உப்பு இருந்தா அடர்த்தி உச்சம், அதாவது தண்ணி மிகக் கனமா இருக்கற வெப்பநிலை, உறைநிலைக்குக் கீழ போயிடுது. பெருங்கடல்ல சுமார் 35 கிராம், அதனால கடல்தண்ணி சுமார் -1.9-ல உறையற வரைக்கும் சுருங்கிக்கிட்டே, கனமாகிக்கிட்டே போகும். முதல் விரிவு அங்க கிடையாது! ஆனா கடல்பனி மிதக்கத்தான் செய்யுது. துருவப் பக்கம் குளிர்ந்த தண்ணி நிக்காம ஆழத்துக்கு இறங்கறதாலதான் ஆழ்கடல் உயிர்களுக்கு ஆக்சிஜன் கிடைக்குது, அதாவது ஏரியில முதல் விரிவு இருக்கறதும் கடல்ல இல்லாததும் ரெண்டுமே உயிருக்கு உதவுது. பழைய பேரை வச்சுக்கிட்டு இதை எழுதிப் பாருங்க, வாக்கியமே சிக்கிக்கும்.

அதனால என் பரிந்துரை: திரவம் குளிரும்போது விரியறது குளிர்விரிவு, உறையும்போது விரியறது உறைவிரிவு. வெப்பவிரிவுன்னு ஏற்கனவே இருக்கு, அதுக்குப் பக்கத்துல இது தானா உக்காந்துக்கும். உறைவிரிவு தண்ணிக்கு மட்டும் சொந்தமில்ல, பிஸ்மத், கேலியம், சிலிக்கான் எல்லாம் உறையும்போது விரியும், விந்தைன்னு பேர் வச்சா அங்கயும் விந்தைன்னே எழுதிக்கிட்டிருக்கணும்.

---

> குளிர்விரிவு, உறைவிரிவு

தம்பி, பிரிச்சுச் சொன்னது சரி. ஆனா நான் வகுப்பு எடுக்கறவன், எனக்கு ரெண்டு பயம். குளிர்விரிவுன்னு பொதுவா சொன்னா குளிர்ந்தா எல்லாமே விரியும்னு புள்ளைங்க எழுதிடும். அடுத்தது, "4 டிகிரி"ங்கறதுதான் அவங்க மனசுல நிக்கற விஷயம், அது பேர்லயே இருந்தா என்ன, நான்குபாகை விரிவுன்னு? எதிர்மறை வெப்பவிரிவுன்னும் ஒருத்தர் போன மடல்ல சொல்லியிருந்தாரு, அதுக்கும் பதில் காணோம். அப்படியே உறைவிரிவால செல் வெடிக்கும்ங்கறதையும் எடுத்துக்காட்டாச் சேர்த்துடலாமே.

---

ஐயா,

முதல் பயத்துக்கு, வெப்பவிரிவுங்கற சொல்லைப் படிச்சவன் எல்லாமே சூட்டுல விரியும்னுதான் நினைக்கிறான், அதுக்காக அந்தச் சொல்லை நாம தள்ளலையே. எந்தப் பொருள், எந்த வெப்பநிலைங்கறதை வரையறை பாத்துக்கும்.

4-ஐப் பேர்ல வைக்கறது ஆபத்து. கனநீருக்கு (சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலா கனமான ஹைட்ரஜன் உள்ள தண்ணி) அடர்த்தி உச்சம் சுமார் 11.2 டிகிரியில வருது, உறையறது 3.8-ல. அழுத்தம் கூடினா உச்சம் இறங்கும், பைக்கால் மாதிரி 1600 மீட்டர் தாண்டின ஏரியோட அடியில தண்ணி 4-க்குக் கீழ இருந்தும் மேல வராம அங்கயே கிடக்கறதுக்கு அதான் காரணம். கீழ் எல்லை 0-வும் கறார் இல்ல, உறையாம 0-க்குக் கீழ குளிரவச்சா தண்ணி மேலும் விரிஞ்சுக்கிட்டே போகும், மேகத்துல நுண்துளிங்க -30-லயும் திரவமாவே இருக்கும். நம்பர் உரையில இருக்கட்டும்.

எதிர்மறை வெப்பவிரிவை முழுசா ஒதுக்கச் சொல்லல. வெப்பவிரிவுக் குணகம் (ஒரு டிகிரிக்கு எவ்வளவு விரியுதுங்கற எண்) கணக்குப் போடும்போது மைனஸ் வருதுல்ல, அங்க அது பொருந்தும். ஆனா நிகழ்வுக்குப் பேரா வச்சா "எதிர்மறையா விரியறது"ன்னா சுருங்கறதுதானேன்னு ஒரு கேள்வி உடனே வரும். குளிர்விரிவு திடப்பொருளுக்கும் உதவும், சிர்கோனியம் டங்ஸ்டேட் பல நூறு டிகிரி நெடுகவும் குளிரக் குளிர விரியற பொருள், அதுக்கும் இதே சொல் போதும்.

செல் எடுத்துக்காட்டு மட்டும் வேணாம், கேக்க நல்லாருக்கும், ஆனா பெரும்பாலும் நடக்கறது அது இல்ல. செல்லுக்கு வெளிய உள்ள தண்ணிதான் முதல்ல உறையும், அது உள்ள இருக்கற தண்ணிய இழுத்துக்கும், செல் காய்ஞ்சு சாகுது, அது வறட்சிச் சாவு மாதிரிதான். வட அமெரிக்காவுல ஒரு காட்டுத்தவளை (wood frog) வெளித்தண்ணிய உறையவிட்டு, குளுக்கோஸை ஏகத்துக்கும் ஏத்தி, செல்லுக்குள்ள உறையாமப் பாத்துக்கிட்டு பனிக்காலம் பூரா கட்டையாக் கிடந்து பிறகு எழுந்து போகுது. உறைவிரிவுக்குப் பாறை வெடிப்பைப் போடலாம், விரிசல்ல புகுந்த தண்ணி உறைஞ்சு பாறை உடையறதும் மண் உருவாகறதுல ஒரு பங்குதான், உயிரியல் பட்டியலுக்கும் ஒத்துவரும்.

அடர்த்தி உச்சம் வர்ற வெப்பநிலைக்கு கொதிநிலை, உறைநிலை மாதிரி "அடர்நிலை"ன்னு ஒண்ணு யாரோ கேட்டிருந்தாங்க. அடர்த்தியான நிலைன்னு ஆயிடும், விட்டுடலாம், "அடர்த்தி உச்ச வெப்பநிலை"ன்னு நீட்டியே எழுதிக்கலாம், எல்லாத்துக்கும் ஒத்தைச் சொல் கட்டாயமா என்ன.

பட்டியலுக்கு இப்படிப் போடறேன், மாத்தம் இருந்தா சொல்லுங்க:

குளிர்விரிவு: ஒரு பொருள் நிலை மாறாமல், வெப்பநிலை குறையும்போது கனஅளவு கூடுதல். எ.கா. தூய நீர், 3.98 டிகிரி செல்சியசுக்குக் கீழ்.

உறைவிரிவு: திரவம் திண்மமாக உறையும்போது கனஅளவு கூடுதல். எ.கா. நீர் (சுமார் 9 சதவீதம்), பிஸ்மத், கேலியம்.

வினையா எழுதும்போது "குளிர்விரியும்"னு போட எனக்கே நாக்கு வரல, "குளிர்ந்து விரியும்", "உறைந்து விரியும்"னு பிரிச்சே எழுதலாம். ஏரி புரண்டு கலக்கறதுக்கும் ஒரு சொல் பாக்கி இருக்கு, அதுக்குத் தனி இழை தொடங்கறேன்.