புதுப்பிப்பு: டெல்லி – டோக்கியோ பறக்கும் நேரம், விடை கிடைத்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. டிக்கெட்டில் போகும்போது இரவு 8:00 – காலை 7:30, திரும்பும்போது காலை 11:30 – மாலை 5:30 என்று இருந்தது. ஒரே தூரத்துக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டிருந்தேன்.

நேர மண்டலத்தைக் கழிக்கச் சொன்னவர் கணக்கு சரியாக வந்தது. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். ஆக, போக 8 மணி, திரும்ப 9½ மணி. மீதி ஒன்றரை மணி நேர வித்தியாசத்துக்கு இன்னொருவர் சொன்ன, விமானம் பறக்கும் உயரத்தில் வேகமாக வீசும் ஜெட் காற்றுதான் காரணம். மேற்கிலிருந்து கிழக்காக வீசும் அது, குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கி.மீ.யைக்கூடத் தாண்டும். போகும்போது திரையில் தரைவேகம் (தரையைப் பொறுத்த வேகம்) மணிக்கு 1,000 கி.மீ.க்கு மேல் காட்டியதைப் பார்த்து வியந்துபோனேன்.

எதிர்பாராத விஷயம், பாதை. நேர்த்தூரம் சுமார் 5,900 கி.மீ.தான். ஆனால் விமானம் திபெத்தைத் தவிர்த்து, மியான்மர் பக்கமாகச் சுற்றிப் போனது. காரணம், விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால், மூச்சுவிட வசதியாகச் சுமார் 10,000 அடிக்கு இறங்க வேண்டும்; திபெத்தில் மலைகளே அதைவிட உயரம். அப்புறம், டிக்கெட் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும் அடக்கம்.