கையிலிருக்கும் புள்ளியிலிருந்தே நேர்கோட்டை வரைந்த அனுபவங்கள்

உப்புவெளியிலிருந்து ஒரு தாய்:

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த என் மகள், ஒரு மாலை வரைபுத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு கண்கலங்கி உட்கார்ந்திருந்தாள். படித்திறன் (கோட்டின் சாய்வு) 2/3 ஆகவும் (4, 5) என்ற புள்ளியினூடாகச் செல்வதாகவும் உள்ள நேர்கோட்டை அவள் வரைய வேண்டியிருந்தது. வை = எம்எக்ஸ் + சீ (எம் படித்திறன், சீ வெட்டுத்துண்டு) என்ற வடிவம் மட்டுமே மனத்தில் பதிந்திருந்ததால், முதலில் வெட்டுத்துண்டை, அதாவது கோடு வை அச்சை வெட்டும் இடத்தை, தேடிப் போயிருக்கிறாள்; அது 7/3 என்று வந்துவிட்டது. எந்தச் சிறுகட்டத்தின் கோட்டிலும் பொருந்தாத அந்த இடத்தைக் கண்மதிப்பாகக் குறித்து அடிமட்டத்தை வைத்தபோது, கோடு (4, 5) ஐத் தொடாமல் சற்று விலகிப் போயிற்று.

அழித்துவிட்டு, தெரிந்த புள்ளியையும் படித்திறனையும் அப்படியே வைத்து வை − 5 = 2/3 (எக்ஸ் − 4) என்று எழுதச் சொன்னேன். பென்சில் முனையை (4, 5) இல் ஊன்றி, வலப்பக்கம் 3 கட்டம், மேலே 2 கட்டம் நகர்த்தினாள். (7, 7) கிடைத்தது. மறுபடி அதே புள்ளிக்கு வந்து இடப்பக்கம் 3, கீழே 2 நகர்ந்தபோது (1, 3) கிடைத்தது. மூன்றும் கட்டங்களின் மூலையிலேயே விழுந்தன. அடிமட்டம் மூன்றையும் ஒன்றாகத் தொட்டது. அவள் தேடி அலைந்த வெட்டுத்துண்டைக் கோடு தானாகவே சரியான இடத்தில் வெட்டிக் காட்டியது. படித்திறன் என்பது ஒரு நகர்வு என்பதைப் பிள்ளையின் விரல் உணர்ந்துகொள்வதால், இந்த வடிவத்தையே முதலில் கற்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

திருக்கடலூரிலிருந்து ஒருவர்:

அக்காவின் பகிர்வை வாசித்ததும் என் தந்தையாரின் படகு நினைவுக்கு வந்தது. கரையிலிருந்து புறப்படும்போது தாங்கியில் எவ்வளவு மண்ணெண்ணெய் இருந்தது என்று ஒருநாள் யாரும் பார்க்கவில்லை. 2 மணித்தியாலம் ஓடியபின் பார்த்தபோது 14 லீற்றர் இருந்தது. அந்த எஞ்சின் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 3 லீற்றர் குடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். தொடக்கம் தெரியாத, நடுவில் ஒரு புள்ளி மட்டும் தெரிந்த இத்தகைய நிலைக்கு, ஓடிய மணித்தியாலத்தை எக்ஸ் என்றும் எஞ்சிய லீற்றரை வை என்றும் கொண்டால், வை − 14 = −3(எக்ஸ் − 2) என்ற வடிவம் அப்படியே பொருந்துகிறது. பின்னர் நான் அதை வரைந்து பார்த்தேன்: (2, 14) இலிருந்து வலப்பக்கம் 1, கீழே 3 என்று இறங்கிய கோடு, புறப்பட்ட நேரத்தில் 20 லீற்றர் இருந்ததையும், புறப்பட்டு 6 மணித்தியாலம் 40 நிமிடத்தில் தாங்கி வற்றிவிடும் என்பதையும் காட்டியது. வாடைக்காற்றுக் காலத்தில் அலையை எதிர்த்து ஓடும் எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும் என்பதால், அந்தக் கோட்டைக் கடலில் அப்படியே நம்பிவிட முடியாது.

பாலையூற்றிலிருந்து, மாலை வகுப்பு நடத்தும் ஒருவர்:

இந்த வடிவத்தில் என் மாணவர்கள் மிகுதியாகத் தவறுவது கூட்டல், கழித்தல் குறியில்தான். வை − 3 = 2(எக்ஸ் + 2) என்பதைப் பார்த்தவுடன் பலர் (2, 3) ஐக் குறித்துவிடுகிறார்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பூச்சியமாக்கும் எக்ஸ் எது என்று நான் கேட்பேன். −2 என்று விடை வந்ததும், வை 3 ஆக இருக்க வேண்டும் என்பதும் அவர்களுக்கே தெளிவாகி, (−2, 3) இல் புள்ளி விழும். படித்திறன் −3/4 ஆக இருந்தால் இன்னொரு வழுக்கல் உண்டு: வலப்பக்கம் 4 போய்க் கீழே 3 இறங்கலாம், அல்லது இடப்பக்கம் 4 போய் மேலே 3 ஏறலாம், இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் சேர்ந்து போனால் படித்திறன் நேர்ப் பெறுமானமாகி (3/4), வேறொரு கோடு வந்துவிடும். எக்ஸ் = 5 போன்ற நிலைக்குத்துக் கோட்டுக்குப் படித்திறன் வரையறுக்கப்படாததால் இந்த வடிவத்தில் அதை எழுதவே முடியாது என்பதையும் அதே பாடத்தில் சொல்லிவிடுகிறேன்.