நிரபராதி என்று சொல்பவன் பிளீ பார்கெயினிங்கில் (ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை பெறும் பேர முறையில்) குற்றத்தை ஒப்புக்கொள்ளலாமா?

வைகைக்கரை:
செல்பேசித் திருட்டு வழக்கில் என் சித்தப்பா மகன் ஐந்தரை மாதமாக விசாரணைக் கைதியாக இருக்கிறான். முன்பு எந்த வழக்கும் இல்லை. ஜாமீன் உத்தரவு வந்தும், உள்ளூர் ஜாமீன்தாரர் இருவர் கிடைக்காததால் உள்ளேயே கிடக்கிறான். சென்ற வாய்தாவில் குற்றச்சாட்டு வனையப்பட்டது (எந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று நீதிமன்றம் முறைப்படி பதிவு செய்தது). அன்று வழக்கறிஞர், "ஒப்புக்கொண்டு பேரம் பேசினால் சீக்கிரம் வந்துவிடலாம்" என்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு அடுத்த வழக்குக்குப் போய்விட்டார். தான் எடுக்கவில்லை என்றே அவன் இன்றும் சொல்கிறான்.

கறுப்பு அங்கி:
வழக்கறிஞரின் கணக்கு சரிதான், ஐயா. 2006 முதல் இருக்கும் இந்த முறையில், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின்படி, முதன்முறை குற்றவாளிக்கு அதிகபட்சத் தண்டனையில் ஆறில் ஒரு பங்கு விதிக்கலாம். திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு என்பதால் அது 6 மாதம்; சிறையில் இருந்த நாள்கள் அதில் கழியும். குற்றச்சாட்டு வனைந்த 30 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆனால் தீர்ப்புக்குப் பின் வழக்கமான மேல்முறையீடு கிடையாது. தண்டனை பெற்றவன் என்ற பெயரும் வேலை விண்ணப்பம் வரை கூடவே வரும்.

ஓய்வுபெற்ற குமாஸ்தா:
சட்டத்தின் கோணல் இங்கேதான் இருக்கிறது. அதே சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முதன்முறை கைதியை அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிந்தபின் பிணைப்பத்திரத்தில் (ஜாமீன்தாரர் இல்லாமல், சொந்த உறுதிமொழியில்) விடச் சொல்கிறது. இவ்வழக்கில் அது ஓராண்டு. 'செய்தேன்' என்பவனுக்கு ஆறு மாதம், 'செய்யவில்லை' என்பவனுக்கு ஓராண்டு என்றால், எவன்தான் உண்மையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்? மனமுவந்துதான் மனுச் செய்தானா என்று நீதிபதி தனியே விசாரிக்க வேண்டும் என்ற விதி நல்ல விதிதான். ஆனால் வெளியே போகத் தவிப்பவன் அந்த அறையில் வேறு என்ன பதில் சொல்வான்? ஜாமீன் உத்தரவு இருந்தும் உள்ளே இருப்பவரின் ஜாமீன் நிபந்தனையை முதலில் தளர்த்திய பிறகே பேர மனுவை எடுக்க வேண்டும் என்று திருத்தம் வந்தாலொழிய, இது பேரமே அல்ல.

கறுப்பு அங்கி:
உடன்படுகிறேன். அதற்கு ஓரளவு வழி இப்போதே உண்டு. உத்தரவு வந்து ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும், உள்ளூர் ஜாமீன்தாரரை வலியுறுத்த வேண்டாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் கூறியிருக்கிறது. உத்தரவு நகலுடன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள், கட்டணம் இல்லை.

வைகைக்கரை:
மிக்க நன்றி, ஐயா. உத்தரவு வந்து எழுபது நாள் ஆகிறது. திங்கட்கிழமை நகலோடு போகிறேன். அதுவரை எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்று நாளை நேர்காணலில் அவனிடம் சொல்லிவிடுகிறேன்.