புதிய பயாஸ் மின்னழுத்தக் குறைப்பைப் பூட்டிவிடும்: நிறுவலாமா?

கொங்குநாடன்
என் மடிக்கணினியில் இருப்பது இன்டெல் ஐ7-8750எச். காணொலித் தொகுப்புதான் முக்கிய வேலை. த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில், செயலியின் கோர் (கணக்கிடும் பகுதி), கேஷ் (உள் நினைவகம்) இரண்டுக்கும் மின்னழுத்தத்தை 100 மில்லிவோல்ட் குறைத்து வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் ரெண்டர் (தொகுத்த காணொலியை இறுதிக் கோப்பாக்கும் வேலை) ஓடும்போது செயலி 97 டிகிரியைத் தொட்டு, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இப்போது 85-ஐத் தாண்டுவதில்லை. புதிய பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) ஒன்று வந்திருக்கிறது. அதை நிறுவினால் மின்னழுத்தத்தை இனி மாற்ற முடியாது என்கிறார்கள். நிறுவலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

மின்னோட்டம்
நிறுவாதீர்கள். செயலியின் இயக்க மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.10 வோல்ட்டில் ஓடுவதை 1.00 வோல்ட்டில் ஓட்டினால், வேகம் மாறாமலேயே சுமார் 17 சதவீதம் மிச்சம். கசிவு மின்னோட்டமும் குறைவதால் உண்மையில் இன்னும் சற்று அதிகமாகவே மிஞ்சும். 45 வாட் வரம்புக்குள் திணறும் செயலிக்கு அந்த மிச்சம் வேகமாகவே திரும்பி வருகிறது. ஒரே வரிசையில் வரும் சில்லுகளில் மோசமானதும் தடுமாறக் கூடாது என்பதற்காக ஆலையில் மின்னழுத்தத்தைத் தாராளமாக வைக்கிறார்கள். நல்ல சில்லு கிடைத்தவருக்கு அந்தத் தாராளம் முழுக்க வெப்பம்தான். பழைய பென்டியம் எம் செயலிகளின் காலத்தில் ஆர்எம்கிளாக் என்ற மென்பொருளை வைத்துச் செய்துவந்த வேலை இது. புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை.

ஆய்வகக்காரன்
நான் இதை மறுக்கிறேன். பூட்டு எதற்காக வந்தது என்பதைச் சொல்லாமல் "நிறுவாதீர்கள்" என்பது சரியான அறிவுரை ஆகாது.

2019 டிசம்பரில் பர்மிங்காம் பல்கலைக்கழகம், பெல்ஜியத்தின் கேயூ லூவன், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 'பிளண்டர்வோல்ட்' என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். த்ராட்டில்ஸ்டாப் எந்த வழியாக மின்னழுத்தத்தைக் குறைக்கிறதோ, அதே வழியாகக் குறைத்து, இன்டெல் செயலிக்குள் இருக்கும் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் நடக்கும் கணக்குகளைப் பிசகவைத்து, உள்ளே இருந்த மறையாக்கச் சாவிகளை வெளியே எடுத்துக் காட்டினார்கள். அதன் பிறகுதான் பயாஸ் வழியாகப் பூட்டு வந்தது.

என் கவலை ஹேக்கர் அல்ல. அந்த ஆய்வு நமக்குக் காட்டுவது வேறொன்று. மின்னழுத்தம் போதாதபோது செயலி எப்போதும் உறைந்து நிற்பதில்லை. பெருக்கல் கட்டளை தவறான விடையைத் தருகிறது, இயந்திரம் எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கிறது. நீலத் திரை வந்தால் நமக்குத் தெரியும். தவறான பெருக்கல் வந்தால் யாருக்குத் தெரியும்? கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களின் கணக்கீடுகள் ஓடும் கணினிகளை நான் பராமரிக்கிறேன். அங்கே ஒரு மில்லிவோல்ட்டைக்கூடத் தொட விடமாட்டேன்.

மின்னோட்டம்
அந்தத் தாக்குதலுக்கு நிர்வாகி உரிமை தேவை. அதை ஏற்கெனவே பிடித்தவனுக்கு வீட்டு மடிக்கணினியில் பெட்டகத்தை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. எஸ்ஜிஎக்ஸ் பயன்படுத்தாதவர்கள் எதுவும் செய்யத் தேவையில்லை என்று அந்த ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். 11-ஆம் தலைமுறை கோர் செயலிகளிலிருந்து இன்டெல் எஸ்ஜிஎக்ஸைக் கைவிடவும் தொடங்கிவிட்டது. பெட்டகம் போன பிறகும் பல மடிக்கணினிகளில் பூட்டு மட்டும் தொடர்கிறது. காசு கொடுத்து வாங்கியவருக்கு எஸ்ஜிஎக்ஸை அணைத்துவிட்டு மின்னழுத்தத்தைத் திறந்துகொள்ளும் தேர்வைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காதது அநியாயம்.

பிழையைப் பற்றி: அவர்கள் இயந்திரம் உறையும் எல்லையை ஒட்டி வைத்துச் சோதித்தார்கள். நாம் அந்த எல்லையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 20, 30 மில்லிவோல்ட் பின்வாங்கி நிற்கிறோம்.

ஆய்வகக்காரன்
தேர்வு கொடுத்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லை ஓரிடத்தில் நிற்கும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. நீங்கள் குறைக்கும் 100 மில்லிவோல்ட் எல்லா வேகங்களுக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிறது. முழுச் சுமையில் மணிக்கணக்கில் தாங்கிய மடிக்கணினி, உலாவியில் சும்மா படித்துக்கொண்டிருக்கும்போது நின்றுபோவது அதனால்தான். ஏவிஎக்ஸ் கட்டளைகள் (ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடுபவை) வந்தால் தேவை கூடுகிறது. சில்லு வயதாக ஆக இன்னும் கூடுகிறது.

பட்டறை
மடிக்கணினி பழுதுபார்ப்பவன் என்ற முறையில் ஒன்று. 97 டிகிரி என்றதும் முதலில் அடிமூடியைத் திறந்து விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி தூசி படிந்து காற்றையே அடைத்திருக்கும். அதை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றிய பிறகு மில்லிவோல்ட்டைப் பற்றிப் பேசலாம்.

கொங்குநாடன்
தூசி தட்டி, பேஸ்ட்டும் மாற்றிய பிறகுதான் இந்த 97. பூட்டினால் மாற்று வழி உண்டா? பேட்டரி நேரமும் குறையுமா?

ஆய்வகக்காரன்
பேட்டரியில் பெரிய வித்தியாசம் இராது. எழுதும்போதும் படிக்கும்போதும் கோர்கள் பெரும்பாலான நேரம் உறங்குகின்றன, அவற்றுக்கு மின்சாரமே துண்டிக்கப்படுகிறது. அந்நேரம் அதிகம் தின்பது திரை.

வெப்பத்துக்கு வழி, டர்போ (சுமை வரும்போது செயலி தானாக ஏற்றிக்கொள்ளும் வேகம்) உச்சத்தைக் குறைப்பது. உங்கள் செயலியில் ஆறு கோரும் ஓடும்போது உச்சம் 3.9 கிகாஹெர்ட்ஸ். அதை 3.4-க்கு இறக்குங்கள். கடைசி சில நூறு மெகாஹெர்ட்சுக்குத்தான் மின்னழுத்தம் செங்குத்தாக ஏறுகிறது. வேகம் இறங்கினால் மின்னழுத்தமும் தானாக இறங்கும், அதுவும் ஆலையில் சோதித்த அளவிலேயே. விண்டோஸில் செயலியின் அதிகபட்ச நிலையை 99 சதவீதம் என்று வைக்கும் தந்திரம் வேண்டாம், டர்போ முழுதாக நின்று 2.2-க்குப் போய்விடும். பயாஸை நிறுவுங்கள். 2023-இல் வெளிவந்த லோகோஃபெயில் போன்ற, பயாஸிலேயே உள்ள பாதுகாப்பு ஓட்டைகளை இயங்குதளத்தால் அடைக்க முடியாது.

மின்னோட்டம்
வேகத்தை விட்டுக்கொடுத்துக் குளிர்ச்சி வாங்குவதை நான் தீர்வு என்று சொல்லமாட்டேன். கொங்குநாடன், விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில், வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் 'டபிள்யூஎச்இஏ-லாகர்' என்று தேடுங்கள். காலியாக இருந்தால் உங்கள் 100 மில்லிவோல்ட் உறுதியானது.

கொங்குநாடன்
காலியாக இல்லை. எண் 19 என்று சில பதிவுகள் இருக்கின்றன. "திருத்தப்பட்ட வன்பொருள் பிழை", உள்ளே பாரிட்டி பிழை என்று காட்டுகிறது. கணினி ஒருமுறைகூட நின்றதில்லை.

மின்னோட்டம்
அப்படியானால் 100 அதிகம். 60-க்கு வாருங்கள், பதிவு வருவது நிற்கிறதா என்று பாருங்கள். திருத்தப்பட்டது என்றால் தரவுக்குச் சேதமில்லை.

ஆய்வகக்காரன்
கேஷில் பாரிட்டி காவல் (தரவு பிசகியதா என்று பார்க்கும் கூடுதல் பிட்) இருக்கிறது, அதனால் பிழை அகப்பட்டது. பெருக்கும் சுற்றுக்கு அப்படிக் காவல் கிடையாது. அங்கே நடந்திருந்தால் எந்தப் பதிவிலும் வராது. அந்த முதல் எண் 19-இன் தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த காணொலிகளை முழுதாக ஓட்டிப் பாருங்கள். மூலக் கோப்புகளை இப்போது அழிக்க வேண்டாம்.