மாவட்ட மனநலத் திட்ட நர்ஸ் நேர்காணல்: வார்டு அனுபவம் மட்டும் வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது?

வைகைக்கரை நர்ஸ்:
அடுத்த வாரம் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தில் நேர்காணல், மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூக நர்ஸ் வேலை, 11 மாத ஒப்பந்தம். பி.எஸ்சி நர்சிங் முடித்ததிலிருந்து ஒரு தனியார் மருத்துவமனையின் மனநல வார்டில்தான் இருக்கிறேன். இசிடிக்கு (மூளைக்கு மின்சாரம் செலுத்தும் சிகிச்சை) ஆளைத் தயார் செய்வது, குடியை நிறுத்தியதும் கை நடுங்கிப் பிதற்றுகிறவரைப் பார்த்துக்கொள்வது எல்லாம் கைவந்த வேலை. ஆனால் ஒரு நோயாளியை அவர் வீட்டில் போய்ப் பார்த்ததே கிடையாது. புத்தகத்தைப் புரட்டினால் ஸ்கிசோஃப்ரினியா வகைகளும் டிஃபன்ஸ் மெக்கானிசமும்தான் வருகின்றன, இதையா கேட்பார்கள்? தமிழில் பதில் சொன்னால் தப்பாக நினைப்பார்களா?

ராத்திரி டியூட்டி:
தமிழிலேயே சொல்லுங்கள் சிஸ்டர், கிராமத்தில் நீங்கள் இங்கிலீஷா பேசப்போகிறீர்கள்? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தைக் கட்டாயம் பாருங்கள், 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. பிரிவு 115 நிச்சயம் வரும்: மாறாக நிரூபிக்கப்படாதவரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது. சங்கிலியால் கட்டுவதைத் தடுப்பது பிரிவு 95. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி 28 பேர் கட்டிப்போட்ட நிலையில் தீயில் இறந்ததை நம் ஊரில் மறந்துவிட்டு இந்தப் பிரிவைப் பேச முடியாது. அரசின் இலவச மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் எண் 14416.

பழைய டிபிஎன்:
சட்டம் சரி, ஆனால் அதை ஒப்பிப்பவர்கள் வரிசையாக வருவார்கள். உங்களைப் போல் வார்டிலிருந்து வருகிறவர்கள் தடுமாறுவது வேறு இடத்தில். ஒரு சூழ்நிலையைச் சொல்வார்கள்: மனச்சிதைவுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃப்ளுஃபெனசின் ஊசி போட்டுக்கொண்டிருந்த இளைஞர் இரண்டு மாதமாக வரவில்லை, அம்மா மட்டும் வந்து அழுகிறார், என்ன செய்வீர்கள்? "டூட்டி டாக்டரிடம் சொல்வேன், செக்யூரிட்டியைக் கூப்பிடுவேன்" என்றால் முடிந்தது கதை, ஏனென்றால் அங்கே இரண்டு பேருமே இருக்க மாட்டார்கள்.

முதலில் அம்மாவிடம் கேளுங்கள்: தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, யாரையாவது அடிக்கப் போனானா, சாகிறேன் என்று சொன்னானா. அதை வைத்துத்தான் இன்றைக்கே போக வேண்டுமா, நாளை போதுமா என்று முடிவு. தனியாகப் போகாதீர்கள், அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரையோ மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரையோ கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களுக்குத் தெரு தெரியும். வீட்டில் வாசலுக்குப் போகும் வழியை மறிக்காமல் உட்காருங்கள், உங்களுக்கும் அந்த வழி வேண்டும். ஏன் வரவில்லை என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் ஊசியால் வரும் உடம்பு விறைப்பு, கால் ஒரு இடத்தில் நிற்காத தவிப்பு, இல்லாவிட்டால் ஒருநாள் கூலி போகிறது என்பதுதான் காரணமாக இருக்கும். விறைப்பு என்றால் டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்ற வழி இருக்கிறது. ஊசியைப் பிடித்து அமுக்கிப் போடுகிற பேச்சே வேண்டாம். ஒப்புக்கொள்ளாமல் நிலைமை மோசமாகிறது என்றால் டாக்டருக்குச் சொல்லுங்கள். பிரிவு 89 படி, நோயாளி நியமித்த பிரதிநிதி விண்ணப்பித்து, ஒரு மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்த பிறகு சேர்க்கலாம், அதுவும் அதிகபட்சம் 30 நாள்.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பேன் என்று தயங்காமல் சொல்லுங்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது கட்டுக்கதை. விவசாய வீடு என்றால் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

வைகைக்கரை நர்ஸ்:
ரொம்ப நன்றி அக்கா. எங்கள் வார்டுக்கு வருகிற குடும்பங்களில் பாதிப் பேர் மாத்திரையைக் காபியிலோ சாம்பாரிலோ கலந்துதான் கொடுத்திருப்பார்கள். இதைக் கேட்டால்?

ராத்திரி டியூட்டி:
கூடாது என்று அடித்துச் சொல்லுங்கள். ஒப்புதல் இல்லாத சிகிச்சை.

பழைய டிபிஎன்:
அப்படி ஒரே வரியில் முடிக்காதே தம்பி, அந்த அம்மாவுக்கு வேறு வழி யாரும் காட்டாததால்தானே கலக்கிறார். அவரைத் திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார். ஆபத்தை எடுத்துச் சொல்ல வேண்டும்: பாதிக் காபியைக் கொட்டினால் எவ்வளவு மருந்து போனது என்று தெரியாது, தம்பி தங்கை எடுத்துக் குடித்தால் என்ன ஆகும், அவனுக்குத் தெரிந்துவிட்டால் வீட்டுச் சாப்பாட்டையே தொடமாட்டான், விஷம் வைக்கிறார்கள் என்ற சந்தேகம் ஏற்கெனவே இருக்கிறவனுக்கு அது நிஜமாகிவிடும். சட்டென்று நிறுத்தவும் சொல்லாதீர்கள், டாக்டரைச் சேர்த்து, அவனிடம் பேசி மாற்றுங்கள். இந்தப் பதிலில்தான் நீங்கள் வீட்டுக்குள் போகத் தகுந்த ஆளா என்று தெரியும்.

மனநிலை ஏறி இறங்கும் பைபோலார் நோய்க்குக் கொடுக்கும் லித்தியத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக்கு ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லி ஈக்விவலன்ட் வரை, 1.5க்கு மேல் நஞ்சு. வெயிலில் வேலை, வயிற்றுப்போக்கு, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய இபுபுரூஃபன், மூன்றுமே அளவை ஏற்றும். வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம் என்றால் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை. மனச்சிதைவு மருந்தான குளோசபின் என்றால், அது வெள்ளணுக்களைக் குறைத்துவிடலாம் என்பதால், காய்ச்சல், தொண்டைவலி வந்த அன்றே ரத்த வெள்ளணு எண்ணிக்கை.

வைகைக்கரை நர்ஸ்:
குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று, ஸ்கூட்டர் லைசென்ஸ் இல்லை, அதைக் கேட்பார்களா?

ராத்திரி டியூட்டி:
தகுதியில் போட்டிருந்தால்தான். அறிவிப்பை இன்னொரு முறை படியுங்கள். நர்சிங் கவுன்சில் பதிவு காலாவதி ஆகவில்லையே? அதை இன்றைக்கே பாருங்கள், சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.