புதுப்பிப்பு: டியூஷன் வருகைப் பதிவில் 30 பேருக்கு மேல் வராத சிக்கல் தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேனுங்க. கோபிச்செட்டிபாளையத்தில் எங்க அக்கா நடத்துற டியூஷனுக்கு, ஜூம் ஏபிஐ (ஜூம்ல இருக்கிற தகவலை நம்ம நிரல் நேரா கேட்டு வாங்குற வழி) மூலமா பைத்தானில் வருகைப் பதிவு எடுக்கிறேன். 74 பிள்ளைகள் இருந்தும் 30 பேர்தான் வருதுன்னு.

பதில் சொன்ன அண்ணன் சொன்னதுதான் சரி. ஒரு பக்கத்துக்கு 30 பேர் என்பது இயல்பான அளவு, 300 வரை கூட்டலாம். பதிலோடு வர்ற 'நெக்ஸ்ட் பேஜ் டோக்கன்' (அடுத்த பக்கத்தைக் கேட்க உதவுற குறியீடு) காலியாகும் வரை திரும்பத் திரும்பக் கேட்கணும். நான் ஒரே தடவை கேட்டு நிறுத்தியிருந்தேன்.

அதைச் சரி பண்ணினதும் 74 பேருக்கு 112 வரி வந்துச்சு! அந்தியூர்ப் பக்கம் மழை பெய்தால் சிக்னல் விட்டுவிட்டு வரும். பிள்ளை வெளியே போய்த் திரும்ப நுழைஞ்சா அது தனி வரி. வெறுமனே வரியை எண்ணினாலும் தப்பு, முதல் வரியை மட்டும் எடுத்தாலும் தப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் இருந்த நேரத்தைக் கூட்டினேன். அது விநாடியில் வரும், நிமிஷமாக்க 60-ஆல் வகுக்கணும். சிக்னல் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு 'வரவில்லை'ன்னு விழுந்தா மனசு கேட்காதுங்க.

இன்னொண்ணு: ஆக்சஸ் டோக்கன் (ஏபிஐ-க்குள்ள நுழைய அனுமதிச் சீட்டு மாதிரி) ஒரு மணி நேரம்தான் செல்லும், அப்புறம் 401-ன்னு 'அனுமதி இல்லை' பிழை வரும். நான் பயன்படுத்துற சர்வர்-டு-சர்வர் முறையில் (யாரும் உள்நுழையாம நிரலே அனுமதி வாங்குறது) அதைப் புதுப்பிக்கிற ரிஃப்ரெஷ் டோக்கன் கிடையாது, புதுசாவே வாங்கணும். ஜூம்ல அனுமதி வாங்குற பழைய ஜேடபிள்யூடி (JWT) முறை 2023-லேயே நின்னுபோச்சு. அதை நம்பி எழுதின லைப்ரரியை (மத்தவங்க எழுதி வெச்ச நிரல் தொகுப்பு) எடுக்காதீங்க.

ஜூம்ல வகுப்பு தொடங்குற நேரத்தை நிரலில் எழுதும்போது, அதோட கடைசியில் 'இசட்' (Z) எழுத்தைப் போட்டா அது கிரீன்விச் நேரம்னு ஆயிரும். மாலை 6 மணி வகுப்பு இரவு 11.30-க்குப் போயிரும். 'ஏசியா/கொல்கத்தா'ன்னு நேர மண்டலம் கொடுத்து, இசட்டை எடுத்துட்டேன்.

நாளைக்கு அக்கா கணினியில் ஏத்துறேன்.