பேஸ் கிதாருக்கு விலை குறைந்த ப்ரீஆம்ப் பெடல் (மிக்சருக்குப் போகும் முன் ஒலியைச் சீராக்கும் சின்னப் பெட்டி) எது?

மார்த்தாண்டம் பக்கம் ஒரு சர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். யமஹா டிஆர்பிஎக்ஸ்174, பேட்டரி இல்லாத பாசிவ் பேஸ். தனி ஆம்ப் கிடையாது, நேராக மிக்சருக்குத்தான் போகிறது. ஈஸ்டருக்குப் புது மிக்சர் வந்ததிலிருந்து சத்தம் மந்தமாகிவிட்டது. அடியில் 'டம் டம்' என்று கேட்கிறதே தவிர, என்ன நோட் என்று தெரிவதில்லை. கீபோர்டு அண்ணன் இடது கையை வைத்துவிட்டால் நான் வாசிப்பதும் சும்மா நிற்பதும் ஒன்றுதான்.

கம்பிகளை மாற்றிப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. மிக்சரின் லைன் இன்புட்டில் இம்பிடன்ஸ் (மின்மறுப்பு) குறைவு என்பதால் பிக்கப்பிலிருந்து வரும் ட்ரெபிள் (உச்ச ஒலி) அடிபடுகிறது என்றார்கள். சரி என்று ஒரு பாசிவ் டிஐ பாக்ஸ் (கிதார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) போட்டேன். கொஞ்சம் தெளிந்தது, மிட் (நடு ஒலி) மட்டும் வரவில்லை. மிக்சரின் மிட் குமிழ் 2.5 கிலோஹெர்ட்ஸில் நிற்கிறது. அதை ஏற்றினால் விரல் உரசும் சத்தம்தான் கூடுகிறது. எனக்கு வேண்டியது 500 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை.

அப்புறம் நண்பனின் ஜூம் பி1 ஃபோர் பெடலைப் போட்டுப் பார்த்தேன். ஹெட்ஃபோனில் பிரமாதம், ஆனால் எக்ஸ்எல்ஆர் அவுட் (நீளக் கேபிளிலும் இரைச்சலைக் குறைக்கும் மைக் வகை இணைப்பு) இல்லை. மேடையிலிருந்து மிக்சர் வரை நீளக் கேபிள், ஒரே இரைச்சல். பெஹ்ரிங்கர் பிடிஐ21 பெடலில் எக்ஸ்எல்ஆர் உண்டு, விலையும் கட்டுப்படியாகும். மிட்டுக்குத்தான் தனிக் குமிழ் இல்லை. சான்ஸ்ஆம்ப் பெடலின் விலை என் கைக்கு எட்டாது. திருவனந்தபுரத்தில் நான் போன கடைகளில் கிதார் பெடல்கள்தான் இருந்தன.

8,000 ரூபாய்க்குள், மிட் குமிழும் எக்ஸ்எல்ஆர் அவுட்டும் உள்ள பேஸ் ப்ரீஆம்ப் பெடல், மேடையில் நீங்களே வாசித்துப் பார்த்தது, எது?